தன் தட்டில் இல்லாத மனிதர்

புதிய இடத்தில் ஒருவர் இயல்பாக இருக்க முடியாமல் நெளிகிறார் என்றால், ரஷ்யர்கள் அவரைப் பற்றி "தன் தட்டில் இல்லை" என்பார்கள். சாப்பிடுகிற தட்டைத்தான் சொல்கிறார்கள். தட்டுக்கும் தர்மசங்கடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பெரும்பாலான ரஷ்யர்களுக்கும் சொல்லத் தெரியாது. பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், அவர்களும் சொல்கிறார்கள்.

தொடர் பிரெஞ்சிலிருந்து வந்தது. உடம்பும் மனமும் சரியில்லாதபோது பிரெஞ்சுக்காரர் இன்றும் "நான் என் அஸியெத்தில் இல்லை" என்பார். அஸியெத் என்றால் இன்றைக்குத் தட்டு. ஆனால் உட்காருதலைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஆதியில் ஒருவர் அமர்ந்திருக்கும் விதம், அவருடைய நிலை என்பதே அதன் பொருள். குதிரைமேல் ஒருவர் உட்காரும் வாகு இன்னும் அஸியெத்தான். வரி எதன்மேல் விதிக்கப்படுகிறதோ அந்த அடிப்படையும் அஸியெத்தான். விருந்தில் அவரவர் அமரும் இடத்தைக் குறித்த சொல், பிறகு அந்த இடத்தில் வைக்கப்படும் தட்டுக்குப் பெயராகிவிட்டது. "என் அஸியெத்தில் இல்லை" என்ற தொடர் பழைய பொருளில் பிறந்தது: என் இயல்பு நிலையில் நான் இல்லை, அவ்வளவுதான். அதை மொழிபெயர்த்த ரஷ்யர்கள் கண்ணில் பட்டது தட்டு மட்டும்.

இதை அன்றைக்கே ஒருவர் கவனித்திருக்கிறார், கவிஞர் புஷ்கின். ஒரு குறிப்பில் இந்தத் தொடரை எடுத்துவைத்து, அஸியெத் என்றால் நிலை என்று பொருள், நாமோ அதைச் சிலேடையாக மொழிபெயர்த்துவிட்டோம் என்று எழுதுகிறார். பலவந்தமாகப் புகுத்தப்பட்ட இப்படிப்பட்ட பல தொடர்கள் நம் மொழியில் தங்கி வேர்விட்டுவிட்டன என்றும் சொல்கிறார். அவர் காட்டும் உதாரணம் கிரிபயேதவ் 1824இல் முடித்த 'அறிவால் வந்த துயரம்' நாடகத்தில் வரும் வரி. மாஸ்கோவில் ஒரு விருந்து. ஊருக்குத் திரும்பியிருக்கும் இளைஞன் சாத்ஸ்கிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வதந்தி பரவியிருக்கிறது. வீட்டுக்காரர் ஃபாமுஸவ் அவனிடம் வந்து, நீ உன் தட்டில் இல்லை, பயணக் களைப்பு, தூங்கு, நாடியைக் காட்டு என்கிறார். தணிக்கைக்குப் பயந்து கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றிய நாடகம் அது. அதைப் படித்த புஷ்கின், இதில் பாதி வரிகள் பழமொழியாகிவிடும் என்று 1825இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆகிவிட்டன, தட்டும் அவற்றோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

அந்த நூற்றாண்டின் ரஷ்ய எழுத்தாளர்களை மூலத்தில் கொஞ்சமாவது படித்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் நான் ரஷ்ய மொழி கற்கத் தொடங்கினேன். தமிழில் மாஸ்கோ பதிப்புகளைப் படித்து வளர்ந்த பலருக்கும் இந்த ஆசை இருந்திருக்கும். கற்கக் கற்க எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தெரிந்தது, அந்த மொழிக்கு அடியில் ஓடும் பிரெஞ்சு. கடன்சொற்களைச் சொல்லவில்லை, அவை எல்லா மொழியிலும் உண்டு. அசல் ரஷ்யச் சொற்களால் ஆன, ரஷ்ய இலக்கணத்துக்குள் அடங்கிய, ஆனால் பிரெஞ்சில் யோசிக்கப்பட்ட தொடர்களைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்குப் பிரெஞ்சு படையோடு போனது. 1066இல் நார்மன்கள் வென்றார்கள், அரசவையும் நீதிமன்றமும் நூற்றாண்டுகளாகப் பிரெஞ்சு பேசின. ரஷ்யா தானே அழைத்துக்கொண்டது. முதலாம் பீட்டர் காலத்தில் கப்பல், ஆயுதம், நிர்வாகம் என்று டச்சு, ஜெர்மன் சொற்கள் வந்தன. அவர் மகள் எலிசவேத்தா காலத்திலிருந்து அரண்மனையின் பேச்சு பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. ஜெர்மனியில் பிறந்த இரண்டாம் கேத்தரின் வால்டேருக்குக் கடிதம் எழுதியதும் பிரெஞ்சில்தான். 1789 புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த பிரெஞ்சுக்காரர்களில் பலர் பிரபுக்களின் வீடுகளில் ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைக்குத் தாதி ரஷ்ய மொழியில் கதை சொன்னாள், ஆசிரியர் பிரெஞ்சில் உலகத்தைச் சொன்னார். காதல், நட்பு, அரசியல், தத்துவம் எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. சமையற்காரனிடமும் வண்டிக்காரனிடமும் பேச ரஷ்ய மொழி.

புஷ்கினே அப்படி வளர்ந்தவர்தான். சிறுவயதில் எழுதிய முதல் கவிதைகள் பிரெஞ்சில். பள்ளித் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பிரெஞ்சுக்காரன்'. அவருடைய 'எவ்கேனி அனேகின்' காவியத்தில் தத்யானா எழுதும் காதல் கடிதத்தை ரஷ்ய இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். கதைப்படி தத்யானா அதை எழுதியது பிரெஞ்சில். அவளுக்கு ரஷ்ய மொழி சரியாக வராது, தாய்நாட்டின் மானத்தைக் காப்பாற்ற நான்தான் அதை மொழிபெயர்த்தாக வேண்டும் என்று கவிஞர் நடுவில் வந்து சொல்கிறார். ஒரு மொழியின் மிக நெருக்கமான குரல், இன்னொரு மொழியிலிருந்து வந்ததாக அந்த மொழியின் மகாகவியே அறிவிக்கிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

இந்தத் தலைமுறை ரஷ்ய மொழியில் எழுத உட்கார்ந்தபோது, மனத்தில் இருந்த பிரெஞ்சுத் தொடர்களை ஒவ்வொரு சொல்லாக ரஷ்யமாக்கிப் பார்த்தது. முன்நடந்தவர் எழுத்தாளர் கரம்சீன். மனத்தை நெகிழவைப்பதற்குப் பிரெஞ்சில் 'தொடுகிற' என்ற சொல் உண்டு. ரஷ்ய மொழியில் அப்படி ஒன்று இல்லை, தொடு என்ற வினையிலிருந்து ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். செல்வாக்கு என்பதற்கு, 'உள்ளே பாய்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே உருக்கி வார்த்தார்கள். 1803இல் கடற்படை அதிகாரி ஷிஷ்கோவ் இதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். பழைய நடையும் புதிய நடையும் என்ற அந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஷிஷ்கோவ் பின்னாளில் ரஷ்ய அகாதமியின் தலைவராகவும் கல்வி அமைச்சராகவும் ஆனார். அவரைக் கேலி செய்தவர்கள் அதிகம். ஈரத்தில் காலணிக்குமேல் மாட்டும் உறையான காலோஷுக்கு 'ஈரநடையன்' என்பதுபோல் ஒரு சொல்லை அவர் தலையில் கட்டி இன்றுவரை சிரிக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கடன்சொல்லை யாரும் பார்த்துவிடலாம், மொழிபெயர்ப்பாக வரும் தொடரைப் பார்க்கக் காது வேண்டும். அந்தக் காது அவருக்கு இருந்தது. அவர் எதிர்த்த 'தொடுகிற' இன்று ஒவ்வொரு ரஷ்யக் குழந்தையும் சொல்லும் சொல்லாகிவிட்டது, அது வேறு விஷயம்.

இந்தப் போராட்டத்தின் சாரத்தைப் பிடித்த காட்சி தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலில் இருக்கிறது. 1812. நெப்போலியன் மாஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். தேசபக்தி பொங்க, ஜூலி என்ற சீமாட்டியின் வரவேற்பறையில் பிரெஞ்சு பேசினால் அபராதம் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஜூலி வாய்தவறி ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள். அபராதம்! அங்கே இருக்கும் ஓர் எழுத்தாளர் விடவில்லை, நீங்கள் ரஷ்ய மொழியில் சொன்ன இன்னொரு தொடரும் பிரெஞ்சு வாடைதான், அதற்கும் அபராதம் என்கிறார். ஜூலியின் பதில் முக்கியமானது: சொல்லுக்குக் கட்டுகிறேன், தொடர் வாடைக்கெல்லாம் நான் பொறுப்பில்லை, ஆசிரியர் வைத்து ரஷ்ய மொழி கற்க எனக்குப் பணமும் இல்லை நேரமும் இல்லை.

சொல்லுக்கு அபராதம் போடலாம். மொழிபெயர்ந்து வந்த தொடருக்குப் போட முடியாது, ஏனென்றால் பேசுபவருக்கே அது வெளியிலிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு மொழிக்குள் மிக ஆழமாகப் போவது கடன்சொல் இல்லை, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலீஷோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இங்கிலீஷ் பல பிரெஞ்சுத் தொடர்களை அப்படியே, எழுத்துக்கூட்டோடு எடுத்துக்கொண்டது. ஒரே எழுத்துமுறை என்பதால் அது சுலபம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதாவுக்கு அரசரின் ஒப்புதல் இன்றும் நார்மன் பிரெஞ்சில், 'லெ ருவா லெ வ' என்றே அறிவிக்கப்படுகிறது. யார் கையிலும் இல்லாத இடர்களுக்காக நம் ஒப்பந்தங்களில் வரும் 'ஃபோர்ஸ் மஜூர்' பிரிவும் அப்படி வந்ததுதான். கொரோனா பரவத் தொடங்கிய 2020 பிப்ரவரியில், அந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று இந்திய நிதி அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. முழுசாக எடுத்த தொடர்கள் எடுத்த நாளிலேயே உறைந்துவிடுகின்றன. கச்சேரி முடிந்து இங்கிலாந்தில் 'ஆன்கோர்' என்று கத்துவார்கள். பாரிஸில் அந்த இடத்தில் கத்துவது 'பீஸ்'. இரட்டை அர்த்தத்துக்கு இங்கிலீஷ்காரர் சொல்லும் பிரெஞ்சுத் தொடர் இன்றைய பிரெஞ்சில் இல்லவே இல்லை.

மொழிபெயர்ந்து போனவை அப்படி உறைவதில்லை, புது மண்ணுக்கு ஏற்ப எதையாவது செய்துகொண்டே இருக்கின்றன. "ஆட்டம் மெழுகுவர்த்திக்குப் பெறாது" என்று பிரெஞ்சில் ஒன்று உண்டு. இரவில் சீட்டாடும்போது எரியும் மெழுகுவர்த்தியின் விலைகூட ஜெயிக்கிற பணத்தில் தேறாது என்பது பொருள். ரஷ்ய மொழியிலும் இங்கிலீஷிலும் அது அப்படியே இருக்கிறது. மின்விளக்கில் சீட்டாடும் தலைமுறையும் அதைச் சொல்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நம் பழமொழியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. நமக்கு அந்த மெழுகுவர்த்தி தேவைப்படாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் தெளிவாக்குவதைப் பிரெஞ்சில் "i எழுத்துகளுக்குப் புள்ளி வைப்பது" என்பார்கள். ரஷ்ய மொழியும் எடுத்துக்கொண்டது. அன்றைய ரஷ்ய அரிச்சுவடியில் புள்ளி வைத்த அந்த எழுத்து இருந்தது. 1918 எழுத்துச் சீர்திருத்தம் அதை நீக்கிவிட்டது. தொடர் மட்டும் போகவில்லை. அரிச்சுவடியில் இல்லாத ஓர் எழுத்தின்மேல் ரஷ்யர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். (ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதி, வாசிப்பவர் புரிந்துகொள்வார் என்று விட்ட மரபு நம்முடையது. இப்படி ஒரு தொடர் நம்மிடம் பிறந்திருக்க வாய்ப்பே இல்லை.)

கஷ்கொட்டைக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1679இல் வெளியிட்ட கதைப்பாடல்களில் ஒரு குரங்கும் பூனையும் வருகின்றன. அடுப்பில் கஷ்கொட்டைகள் வெந்துகொண்டிருக்க, குரங்கு பூனையைப் புகழ்ந்து ஏவிவிடுகிறது. பூனை நெருப்புக்குள் பாதத்தை விட்டு ஒவ்வொன்றாக வெளியே தள்ள, குரங்கு தின்கிறது. அடுத்தவருக்காக ஆபத்தை ஏற்பதற்கு 'நெருப்பிலிருந்து கஷ்கொட்டை எடுத்தல்' என்ற தொடர் ஜெர்மன், இங்கிலீஷ், ரஷ்ய மொழி எல்லாவற்றிலும் இருக்கிறது.

1939 மார்ச் 10. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 18ஆவது மாநாட்டில் ஸ்டாலின் பேசுகிறார். பிரிட்டனும் பிரான்சும் சோவியத் நாட்டை ஜெர்மனியோடு மோதவிடப் பார்க்கின்றன என்பது அவர் சந்தேகம். போரைத் தூண்டுகிறவர்கள் அடுத்தவர் கையால் காரியம் சாதித்துப் பழகியவர்கள், அவர்கள் நம்மைச் சண்டையில் இழுத்துவிட இடம் கொடுக்கக் கூடாது என்றார். அவர் வாயிலிருந்து வந்தது கஷ்கொட்டை இல்லை. "அடுத்தவர் கையால் தணலை வாருவது" என்ற சொந்த ரஷ்யப் பழமொழி. மேற்கே மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் லா ஃபொந்தேனின் கஷ்கொட்டையை வைத்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் அது 'கஷ்கொட்டைப் பேச்சு' என்றே பெயர் பெற்றுவிட்டது. ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 23 அன்று, ஜெர்மனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்துக்கு முன்னறிவிப்பாக எல்லோரும் காட்டும் பேச்சில் கஷ்கொட்டை என்ற சொல்லே கிடையாது. ஒரு பிரெஞ்சுத் தொடர் மொழிபெயர்ப்பாளர்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்கும்!

சரி, மொழிபெயர்ந்து வருகிற எல்லாமே நல்லதா? இல்லை. மெழுகுவர்த்தி, புள்ளி, கஷ்கொட்டை, தவறிப்போய் வந்த தட்டு, இவை எல்லாவற்றிலும் ஒரு காட்சி இருக்கிறது. காட்சியோடு வருவது மொழிக்குச் செல்வம். காட்சி இல்லாமல் வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. ஒன்று நிகழ்ந்தது என்பதைப் பிரெஞ்சில் "இடம் கொண்டது" என்பார்கள். ரஷ்ய மொழியில் அதே அச்சில் "இடம் கொண்டிருந்தது" வந்துவிட்டது. ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் இதன் உறவினர்கள் இருக்கிறார்கள். 'மௌனத்தைக் காத்தான்', 'நடவடிக்கைகளை எடுத்தார்கள்' எல்லாம் இதே வழியில் ரஷ்ய மொழிக்குள் போனவை. எந்தப் படமும் இல்லை. ஒரு பெயர்ச்சொல்லும் ஒரு பொதுவான வினையும் சேர்ந்து, நேரடியான ஒரு வினைச்சொல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கின்றன. அரசாங்க அறிக்கைக்கு இது வசதி, கவிதைக்கு நஷ்டம்.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'விபத்து இடம்பெற்றது' என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம்தான் ஞாபகம் வருகிறது. இங்கிலீஷ் வழியாக வந்த தூரத்துச் சொந்தம் என்றே எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டிலும் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று தினமும் படிக்கிறோம். 'விபத்து நடந்தது', 'தண்டிப்போம்', 'சரிசெய்வோம்' என்று சொல்ல நம்மிடம் நல்ல வினைகள் இருக்கின்றன. அவை வேலையில்லாமல் இருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கடன்சொல்லை எதிர்க்கும் தமிழ் அன்பர்கள் ஷிஷ்கோவின் அந்தக் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பினால் நன்றாக இருக்கும்.

காட்சியோடு வந்தவையும் தமிழில் உண்டு. இடதுசாரி, வலதுசாரி. 1789இல் பிரெஞ்சுத் தேசிய சபையில், மன்னருக்குத் தடை அதிகாரம் வேண்டுமா என்ற விவாதத்தின்போது, வேண்டாம் என்றவர்கள் தலைவரின் இடப்பக்கமும், வேண்டும் என்றவர்கள் வலப்பக்கமும் போய் அமர்ந்தார்கள். அந்த இருக்கை அமைப்பு உலகமெங்கும் அரசியல் சொல்லானது. தமிழில் அதை ஆக்கியவர்கள் சாரி என்ற சொல்லைச் சேர்த்தார்கள். வரிசையும் பக்கமும் அதில் இருக்கின்றன. அந்த மண்டபமே கண்ணில் தெரிகிறது. மிக நல்ல மொழிபெயர்ப்பு.

'மூன்றாம் உலகம்' விஷயத்தில் நமக்கும் ஒரு தட்டு கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு மக்கள்தொகையியல் அறிஞர் அல்ஃப்ரெத் சொவி 1952 ஆகஸ்ட் 14இல் 'லப்செர்வாத்தர்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தத் தொடரை உண்டாக்கினார். அமெரிக்க அணி ஒன்று, சோவியத் அணி இன்னொன்று, இரண்டிலும் சேராதது மூன்றாவது என்ற கணக்கு அதில் உண்டு. ஆனால் அவர் மனத்தில் இருந்தது புரட்சிக்கு முந்திய பிரான்சின் 'மூன்றாம் வகுப்பார்'. குருமார், பிரபுக்கள் என்ற இரண்டு வகுப்புக்கும் வெளியே நின்ற மொத்த மக்களும் அவர்கள். 1789இல் பாதிரியார் சியேயெஸ் எழுதிய துண்டுநூல், மூன்றாம் வகுப்பு என்பது என்ன, எல்லாமும்தான், இதுவரை அது என்னவாக இருந்தது, ஒன்றுமே இல்லை, என்ன கேட்கிறது, ஏதாவதாக ஆக வேண்டும் என்று தொடங்குகிறது. சொவி தன் கட்டுரையை அதே குரலில் முடித்தார்: புறக்கணிக்கப்பட்ட, சுரண்டப்பட்ட, இகழப்பட்ட இந்த மூன்றாம் உலகமும் ஏதாவதாக ஆக விரும்புகிறது.

தமிழுக்கு வந்தபோது இந்த நினைவு வழியில் கழன்றுவிட்டது. நமக்குக் கேட்பது மூன்றாம் தரம், வரிசையில் கடைசி இடம். பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் ஒலித்தது, செய்தித்தாளிலும் அப்படித்தான் ஒலிக்கிறது. சியேயெஸின் மூன்றாம் வகுப்பாரோ, அந்தத் துண்டுநூல் வந்த வருஷமே தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டு பழைய பிரான்சை முடித்துவைத்தார்கள்.